வரைபடத்தில் இல்லாத மரம்



மரம் நடுவோம் என்னும் பேச்சு நமக்குப் புதிதன்று. பள்ளிதோறும் கன்று நடுகிறோம், சுவரொட்டி வரைகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு அடுத்த படியில் உள்ளது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒன்று தனியார் ஒருவருடைய நிலத்தில் நிற்கிறது. அந்நிலத்தில் புதிய கட்டடம் எழவிருக்கிறது. அம்மரத்துக்கு என்ன நேரும்? அதைக் காக்கச் சட்டத்தில் இடம் உண்டா? காப்பதென்று முடிவு செய்தால், எந்த நாளில் எந்த இடத்தில் அக்காப்பு தொடங்க வேண்டும்? இவையே நம் முன் உள்ள வினாக்கள்.

சாலையோர மரங்களுக்கும் பூங்கா மரங்களுக்கும் ஊராட்சி மன்றம் பொறுப்பேற்கிறது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் முதிர்ந்த மரங்கள் பல வேலிக்குள் நிற்கின்றன: பழைய பங்களா வளவுகளில், கோயில் வளாகங்களில், பயன்பாடு மாறக் காத்திருக்கும் தோட்ட நிலங்களில். அவற்றைச் சுற்றித் தகர மறைப்பு எழுந்த பிறகே நாம் விழித்துக்கொள்கிறோம். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஏனெனில் மரம் கோடரியால் வீழ்வதற்கு முன்பே வரைபடத்தில் வீழ்ந்துவிடுகிறது. நான் கூறவிருப்பவை எல்லாம் இவ்வொரு கருத்தின் விரிவே.

மரம் யாருடையது?

நிலம் என்னுடையது, ஆகவே மரமும் என்னுடையது, வெட்டுவதும் விடுவதும் என் விருப்பம். இவ்வாறுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். மலேசியச் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் நில மேம்பாட்டை நெறிப்படுத்துவது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். சட்டம் 172 என்று அதனைக் குறிப்பிடுவர். 1995இல் நிறைவேறிய திருத்தம் ஒன்று மரப் பாதுகாப்பு ஆணை பற்றிய தனிப் பகுதியை அதில் சேர்த்தது. அதன்படி, வாழிடத்தின் இனிமை கருதி ஒரு மரத்தையோ மரக்கூட்டத்தையோ காப்பது தகும் என ஊராட்சி மன்றம் கருதினால், அதற்கெனப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். அம்மரம் தனியார் நிலத்தில் நிற்பது தடையாகாது. ஆணையை மீறுவோர்க்கு 100,000 ரிங்கிட் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அத்தகைய மரம் அகற்றப்பட்டால் மாற்று மரம் நட வேண்டிய கடமையும் உண்டு.

இதைவிடப் பலர் அறியாத விதி ஒன்று அதே பகுதியில் உள்ளது. பாதுகாப்பு ஆணை இல்லாத மரமாயினும், அதன் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்டால், எழுத்துவழி அனுமதியின்றி அதனை வெட்டக்கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளக்க வேண்டும். பலகைபோல் விரிந்த தாங்கு வேர்கள் இருப்பின் அவற்றுக்கு மேலே அளக்க வேண்டும். பட்டுப்போன மரம், பட்டுக்கொண்டிருக்கும் மரம், உடனடி ஆபத்தைத் தவிர்க்க வெட்டப்படும் மரம், வேறு சட்டத்துக்கு இணங்க வெட்டப்படும் மரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

எண்பது சென்டிமீட்டர் சுற்றளவு என்பது ஏறத்தாழ இருபத்தைந்து சென்டிமீட்டர் விட்டம். வீட்டு வளவில் நன்கு வளர்ந்த மாமரமே இவ்வளவை எட்டிவிடும். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டம் இத்தகைய காப்பை அளிக்கிறது. அங்கே மரக்காப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய மரத்துக்கு அனுமதி தேவை. எழுத்தில் நோக்கினால் நம் அளவு இன்னும் கடுமையானது. ஆயினும் அண்டை வீட்டார் மரத்தை வெட்டும்போது அனுமதி பெற்றார்களா என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அறியப்படாத சட்டம் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

இங்கே ஓர் எல்லைக்கோட்டை நினைவில் கொள்ள வேண்டும். கிள்ளான் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ளது. 2024 முதல் அரச மாநகர் மன்றமாகத் திகழும் அதன் ஊராட்சி சட்டம் 172இன்படி இயங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் உள்ளது. அங்கே நடைமுறையில் இருப்பது 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 267. ஒரே இரயில் பாதையின் இரு நிலையங்களுக்கு இருவேறு சட்டங்கள். ஆகவே ஒரு மரத்துக்காகக் குரல் கொடுக்க முனைவோர், அது எச்சட்டத்தின் நிழலில் நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மரம் எவ்வாறு இறக்கிறது?

வெட்டாமல் விட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும் என்று கருதுவது இரண்டாவது தவறு. கட்டுமானத் தளத்தில் வெட்டப்படாமலே இறக்கும் மரங்கள் உண்டு.

இதை விளக்கத் தொல்காப்பியம் துணைபுரிகிறது. மரபியலில் தொல்காப்பியர் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கிறார். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறார். அப்பகுப்பின்படி தென்னையும் பனையும் புல்லினம். மாவும் வேம்பும் மரம். அகத்தே வயிரம் என்பதன் மறுபக்கத்தையும் நோக்குக. வயிரம் பாய்ந்த நடுப்பகுதி மரத்தைத் தாங்கி நிற்கிறது. அங்கே உயிரணுக்கள் இல்லை. மரம் பருத்து வளர்வது பட்டைக்கு உட்புறம் உள்ள மெல்லிய வளையத்தில். இலை ஆக்கிய உணவு பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. மண்வாரி இயந்திரத்தின் கை அடிமரத்தில் ஒருமுறை உராய்ந்தால் நமக்கு அது சிறு கீறல். மரத்துக்கோ அது உணவுப் பாதையின் முறிவு. நோய் நுழையும் வாயில்.

வேரின் நிலை இன்னும் மோசம். மரத்தின் வேர் ஆணிபோல் ஆழத்தில் இறங்கியிருப்பதாகப் பாடநூல் ஓவியங்கள் நம்மை எண்ணவைத்துவிட்டன. உண்மையில் முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பரவியுள்ளது. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் கிளைகளின் விரிவையும் தாண்டி ஓடுகின்றன. வேர் மூச்சு விடுகிறது. அதற்கு மண்துகள்களுக்கிடையே காற்று வேண்டும். கனரக வண்டிகள் சில நாள் ஓடினால் மண் இறுகிக் காற்றறைகள் மூடிவிடும். வேரின்மேல் ஓரடி மண்ணைக் குவித்தாலும் அதே விளைவுதான். கான்கிரீட் கலவையைக் கழுவிய நீர் மண்ணின் இயல்பை மாற்றுகிறது. வடிகாலுக்கும் குழாய்க்கும் தோண்டும் பள்ளம் ஒரே நாளில் ஒரு பக்கத்து வேர்களை அறுத்துவிடுகிறது.

இவ்வளவும் நடந்த பின்னும் மரம் பசுமையாகவே நிற்கும். சேமித்து வைத்த உணவைக் கொண்டு ஓராண்டோ ஈராண்டோ தாக்குப்பிடிக்கும். பின்னர் உச்சிக் கிளைகள் காயும். அப்போது கட்டடம் முடிந்திருக்கும், குத்தகையாளர் போயிருப்பார், மரம் நோயால் பட்டது என்று பதிவாகும்.

இதைத் தடுக்க எவ்வளவு இடம் வேண்டும்? கட்டுமானத்தின்போது மரங்களைக் காப்பதற்கான பிரிட்டன் நாட்டுத் தரநிலை ஒன்று எளிய கணக்கைத் தருகிறது: அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் காக்கப்பட வேண்டிய வேர்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர். ஆரம் ஏழரை மீட்டரைத் தாண்டும். அவ்வட்டத்தின் பரப்பு 180 சதுர மீட்டருக்கு மேல். இருபதுக்கு எழுபது அடி கொண்ட நம் மாடி வரிசை வீட்டு மனை 130 சதுர மீட்டர். ஆக, ஒரு நடுத்தர மரத்தின் வேர்வட்டம் ஒரு வீட்டு மனையைவிடப் பெரியது. கணித ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

மரக்காப்பு ஏன் கடினம் என்பதற்கும் இதுவே விடை. ஒரு மரத்தைக் காப்பது என்பது ஒரு வீட்டு மனையை விட்டுக்கொடுப்பதற்குச் சமமாகலாம். நகரத்து நிலவிலையில் அது சிறு செலவன்று. இதை மறைத்துவிட்டு மரநேயம் பேசுவது நேர்மையாகாது. அதே வேளையில், கட்டடத்தின் நிலை, பாதையின் வளைவு, வடிகாலின் போக்கு ஆகியன முடிவாகும் முன் மரம் கணக்கில் வந்துவிட்டால், அந்த 180 சதுர மீட்டரைக் கட்டாயம் விடவேண்டிய திறந்தவெளியோடு பொருத்திவிட முடியும். முடிவான பின் வந்தால், அதற்கு இடமே இராது.

வரைபடமே களம்

சட்டம் 172 இதனை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. திட்ட அனுமதிக்கு விண்ணப்பிப்போர் தரவேண்டிய மேம்பாட்டு அறிக்கையில், நிலத்தின் இயல்பு, மேடுபள்ளம், நீர்நிலை ஆகியவற்றோடு, விதிக்கப்பட்டவாறு மரங்கள், தாவரங்கள் பற்றிய கணக்கெடுப்பும் இடம்பெற வேண்டும். மனை அமைப்பு வரைபடத்தில் மரங்களைக் காப்பதற்கும் நடுவதற்குமான நடவடிக்கைகள் காட்டப்பட வேண்டும். குறிப்பிட்ட அளவுடைய மரங்களின் இடமும் இனமும் குறிக்கப்பட வேண்டும். அனுமதி வழங்கும் மன்றம் இவற்றை நிபந்தனையாக்கவும் முடியும்.

இந்த வரைபடத்தில் இடம்பெற்ற மரத்துக்கு ஒரு வாழ்வு உண்டு. அதற்கு வேலி கேட்கலாம். அந்த வேலி முதல் இயந்திரம் உள்ளே நுழையும் முன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். வேலிக்குள் மண் குவிக்கவும் சிமெண்ட் மூட்டை அடுக்கவும் தடை கேட்கலாம். வேலை முடிந்த பின்னும் சில ஆண்டுகள் மரநல வல்லுநர் பார்வையிட வேண்டும் என்று கேட்கலாம். வரைபடத்தில் இல்லாத மரத்துக்கோ இவற்றில் ஒன்றையும் கேட்க முடியாது. ஏட்டின்படி அங்கே மரமே இல்லை.

மாற்று மரம் பற்றியும் ஒரு சொல். ஒரு முதிர்ந்த மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்று அறிவிக்கும்போது நாம் நிறைவடைந்துவிடுகிறோம். நிழல் கன்றுகளின் எண்ணிக்கையால் வருவதில்லை. விரிந்த கிளையால் வருகிறது. அதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். பெருமரம் நின்ற இடத்தில் அழகுக்காகப் பனையினச் செடிகளை வரிசையாக நட்டுவிட்டு மரம் நட்டதாகக் கூறினால், தொல்காப்பியர் அதைப் புல் நட்டதாகவே பதிவு செய்திருப்பார்.

இரண்டு தடைகள்

மரக்காப்புக்கு எதிராக எழும் வாதங்களில் இரண்டு மதிக்கத்தக்கவை.

முதலாவது, உயிரச்சம். 2024 மே 7ஆம் நாள் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெருமரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பதினேழு வாகனங்கள் சேதமுற்றன. அத்தகைய செய்திக்குப் பின் தம் வளவில் நிற்கும் மரத்தைக் கண்டு அஞ்சுவோரை நாம் குறைகூற முடியாது. ஆனால் அச்சத்துக்குரிய மருந்து ஆய்வு. ஆபத்தான மரத்தை அகற்றச் சட்டமே வழிவிடுகிறது. வேர் அறுபட்ட மரம் காற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் சாய வாய்ப்பு மிகுதி என்பதையும் நினைவிற்கொள்க. கட்டுமானத்தின்போது வேரைக் காப்பது மரத்துக்கு மட்டுமல்ல, நாளை அதன் கீழ் நடப்பவருக்கும் காப்பு.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. மக்களுக்கு வீடில்லை, மரமா பெரிது? இவ்வினாவைக் கோலாலம்பூர் நேருக்குநேர் சந்தித்திருக்கிறது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் ஏறத்தாழ 12 ஏக்கர் ஓர் அறவாரியத்துக்கு வழங்கப்பட்டது. அங்கே உயரமான அடுக்குமாடிகள் கட்ட 2017இல் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. அதே நிலத்தில் நீள்வீடுகளில் வாழ்ந்தோர் பழைய புக்கிட் கியாரா தோட்டத்தின் பாட்டாளிக் குடும்பத்தார், பெரும்பாலோர் தமிழர். 1980களின் தொடக்கத்தில் தற்காலிகமாக அங்கே குடியமர்த்தப்பட்ட அவர்கள் நிலையான வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். திட்டத்தில் அவர்களுக்கும் ஒரு கட்டடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பூங்காவைக் காக்க வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் 2018இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் மேம்பாட்டு ஆணையை நீக்கியது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது.

இது தனிமரத்தைப் பற்றிய வழக்கன்று. திட்டமிடலைப் பற்றிய வழக்கு. நமக்கு அது பாடமாவதும் அதனாலேயே. அந்நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாகக் காட்டியது கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020. பதிவாகிய அந்தத் திட்டமே வழக்காடியோர்க்கு ஊன்றுகோல் ஆனது. வரைபடத்தில் பசுமை இருந்ததால்தான் நிலத்திலும் பசுமையைக் கோர முடிந்தது.

ஆயினும் நம் மனம் அத்தோடு அமைதி கொள்ளக்கூடாது. பூங்கா பிழைத்தது என்று மகிழும்போது, நீள்வீட்டுக் குடும்பங்களின் காத்திருப்பு அதற்கு விலையாகக் கூடாது. கோபுரங்கள் பலவற்றோடு ஏழைகளின் வீட்டை ஒரே கட்டாகக் கட்டி, இதை ஏற்றால் அதுவும் கிடைக்கும் என்று கூறும்போதுதான் மரமும் மனிதனும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். வீட்டுரிமை தனியே நிறைவேற்றப்பட வேண்டிய கடன். அக்கடன் உரிய காலத்தில் தீர்க்கப்பட்டிருந்தால் இந்த மோதலுக்கு இடமே இருந்திராது.

நமக்கு இதில் என்ன?

சங்க காலத்து மன்னர் ஒவ்வொருவருக்கும் காவல்மரம் இருந்தது. மோகூர் மன்னன் பழையனின் காவல்மரமாகிய வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டி வீழ்த்தியதை நம் இலக்கியம் வெற்றியாகப் பதிவு செய்கிறது. நற்றிணையின் தலைவி ஒருத்தி, தன்னோடு வளர்ந்த புன்னையைத் தங்கையாகக் கருதி அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். ஒன்று அரசின் பெருமைக்காகக் காக்கப்பட்ட மரம். மற்றொன்று உறவினால் காக்கப்பட்ட மரம். இன்றைய சட்டம் வாழிடத்தின் இனிமைக்காகக் காக்கிறது. காரணம் மாறினாலும், மரம் அதன் சொந்தக்காரரை மட்டும் சார்ந்ததன்று என்னும் உணர்வு நமக்குப் பழையது. தமிழில் 'கா' என்னும் ஒரே எழுத்து சோலையையும் குறிக்கிறது. காப்பாற்று என்னும் ஏவலாகவும் நிற்கிறது.

மலேசியத் தமிழர்க்கு இதில் தனி வரலாறும் உண்டு. இந்நாட்டில் நம் முன்னோர் நட்ட மரங்கள் கணக்கற்றவை. அவை யாவும் பிறர் நிலத்தில் நின்றன. பால்மரம் நட்டவர்க்கு மரமும் சொந்தமில்லை, மண்ணும் சொந்தமில்லை. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜாவாகியது போல, தோட்டங்கள் நகரங்களாயின. தோட்டம் நகரமாகும்போது வரையப்படும் வரைபடத்தில் சாலை இருக்கும், மின் நிலையம் இருக்கும், கடைவரிசை இருக்கும். மூன்று தலைமுறையினர் பொங்கலிட்ட மரத்தடிக் கோயிலும் அதன் அரசமரமும் அதில் குறிக்கப்பட்டிருக்குமா என்பதே வினா. குறிக்கப்படாவிட்டால், அவற்றின் கதை அன்றே முடிந்துவிடும். பின்னர் நடக்கும் போராட்டமும் கண்ணீரும் காலம் தாழ்ந்தவை.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலையை முன்வைக்கிறேன். ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். பள்ளி வளாகம், கோயில் வளாகம், உரியவரின் இசைவோடு அண்டை வளவுகள் ஆகியவற்றில் நிற்கும் பெருமரங்களை அரை மீட்டர் உயரத்தில் அளந்து பதிவு செய்யுங்கள். இடம், சுற்றளவு, நாள், தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், தாவரவியல் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தேடுவதிலேயே ஒரு கல்வி இருக்கிறது. தென்னமெரிக்க மண்ணிலிருந்து வந்த ஒரு நிழல்மரத்தைத் தமிழர் தூங்குமூஞ்சி என்றனர். மலாய்க்காரர் 'புக்குல் லீமா', அதாவது 'ஐந்து மணி' என்றனர். மாலையில் அதன் இலைகள் கூம்புவதை இரு மொழியினரும் கண்டு தத்தம் வழியில் பெயரிட்டனர். நம் சாலைகளில் மஞ்சள் பூச்சொரியும் அங்சானா, தமிழிலக்கியம் போற்றும் வேங்கையின் நெருங்கிய உறவு. இவற்றையும் பதிவில் சேருங்கள்.

அப்பதிவை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படும் காலத்தில் அதனை ஊராட்சி மன்றத்திடம் கொடுங்கள். தகுதியுள்ள மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை வேண்டி எழுதுங்கள். மனையில் மேம்பாட்டு அறிவிப்புப் பலகை எழுந்தால், வரைபடத்தில் அம்மரம் குறிக்கப்பட்டுள்ளதா என்று எழுத்து வழியே கேளுங்கள். கோயில் நிருவாகத்தில் இருப்போர், திருப்பணிக்கு வரைபடம் தீட்டும் முன் தலவிருட்சத்தின் வேர்வட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கையில் உள்ள நிலத்தில் நாம் செய்யாததைப் பிறர் நிலத்தில் கேட்க நமக்கு வாய் இராது.

மரம் பேசாது, மனுக் கொடுக்காது, நீதிமன்றம் ஏறாது. அதற்காக ஒருவர் எழுதி வைத்தால்தான் அது ஏட்டில் நிற்கும். ஏட்டில் நின்றால் மண்ணிலும் நிற்க வழி பிறக்கும். எழுத்தறிவிக்கும் பணியில் உள்ள உங்களிடம் இதைவிடப் பொருத்தமான வேண்டுகோளை நான் வைக்க முடியாது.